மஞ்சள் எங்கே என்று கேளுங்கள்

போன வாரம் இளம் டாக்டர்களான உங்களில் ஒருவர் என் வீடு தேடி வந்து ஒரு சந்தேகம் கேட்டார். பிறந்த குழந்தைக்கு ஆண்குறியின் நுனித்தோல் நீக்கிச் சில நாட்கள் ஆகின்றன, காயத்தில் மஞ்சளாக இருக்கிறது, ஆன்டிபயாடிக் தொடங்கலாமா மேடம் என்று. நான் காபி கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை. மஞ்சள் எங்கே இருக்கிறது, எப்படிப்பட்ட மஞ்சள், குழந்தை பால் குடிக்கிறதா என்று திருப்பிக் கேட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் இந்த அம்மாள் வாய்மொழித் தேர்வை விடமாட்டாள் போலிருக்கிறதே என்று அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் கொஞ்சம் நீளமானது. ஒரு காபியில் அடங்காது. அதனால் எல்லாருக்குமாக எழுதிவிடுகிறேன்.

நான் புதுச்சேரி டவுனில் ஒரு நடுத்தர அளவுள்ள தனியார் மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்தவள். வேலைக்காலம் முழுவதும் அங்கேயே ஓடிவிட்டது. எந்த மருந்து, எந்த அளவு, எந்தத் தையல் நூல் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் போனைத் தட்டினால் வந்துவிடும். தட்டினால் வராத ஒன்றைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

நம் தொழிலில் மஞ்சள் என்பது பொல்லாத சொல். பிரசவ வார்டில் ஒரு தாய் 'மஞ்சளா இருக்கு' என்றால் நமக்குக் காமாலைதான் நினைவுக்கு வரும். சில வீடுகளில் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியே அனுப்புவார்கள், அது இன்னொரு மஞ்சள். நுனித்தோல் எடுத்த இடத்தில் சில நாளில் மெல்லிய மஞ்சள் படலம் ஒன்று படியும். அது சீழ் அல்ல, உடம்பு தானே போட்டுக்கொள்ளும் கட்டு. கடைசியாக, நிஜமான சீழும் மஞ்சள்தான். இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் போனில் வைத்தியம் பார்க்கிறோம்! என்ன தைரியம் நமக்கு.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், பெயர் வேண்டாம், இப்போது பெரிய ஆள். லாஸ்பேட்டையிலிருந்து ஒரு குமாஸ்தா தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நம்மவர் அந்த நல்ல படலத்தைப் பார்த்துச் சீழ் என்று முடிவு கட்டி, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் பஞ்சை வைத்துத் தேய்த்தே எடுத்துவிட்டார். ஆறிக்கொண்டிருந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. குழந்தை கத்தியது. அப்பா நாற்காலியோடு சரிந்தார். கடைசியில் அப்பாவுக்குத்தான் அதிக நேரம் வைத்தியம் பார்த்தோம். ஒன்றுமில்லாத மஞ்சளைக் கண்டு பதறினால் இப்படி. ஆனால் இதற்கு நேர்மாறானது ஒன்று உண்டு. அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

அதற்கு முன் ஒரு விஷயம். நம் ஊர் முஸ்லிம் குடும்பங்களுக்குச் சுன்னத் புதிதல்ல. அங்கே அது விசேஷம். அத்தை, மாமி, பக்கத்து வீடு என்று ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள். 'என்ன இது, நேத்து இப்படி இல்லியே' என்று யாராவது ஒருவர் வாய் திறந்துவிடுவார். உடனே நம்மிடம் கொண்டு வருவார்கள். பல வருடங்கள் அந்தக் காயங்களைப் பார்த்திருக்கிறேன். மோசமான தொற்று என்பது அபூர்வம். அதற்குக் காரணம் நம் கைராசிதான் என்று நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். அது முழு உண்மை அல்ல என்பதை எனக்குக் காட்டியது பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த ஒரு மீனவக் குடும்பம். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது.

தாயின் பெயர் சுகன்யா என்று வைத்துக்கொள்வோம். சின்னப் பெண், தலைப்பிள்ளை. பையனுக்குப் பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் கோளாறு. கீழே இறங்க வேண்டிய சிறுநீர் மேலே கிட்னிக்குத் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. பிறந்த சில நாளிலேயே அதில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்து எங்களிடம் சேர்த்தார்கள். காய்ச்சல் அடங்கியதும் எங்கள் அறுவை மருத்துவர் நுனித்தோலை எடுத்துவிடலாம் என்றார். அந்த மடிப்பில்தான் கிருமி குடியிருக்கும், அது போனால் மறுபடி கிட்னிக்கு ஏறும் ஆபத்து குறையும். அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கடைசித் தையல் விழுந்ததும் 'வுவாலா' என்பார், இதோ ஆச்சு என்று அர்த்தம். அன்றும் சொன்னார். சுத்தமான வேலை, ஒரு குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது அவரே சுகன்யாவிடம் தெளிவாகச் சொன்னார். மஞ்சளாக ஒரு படலம் வரும், பயப்பட வேண்டாம், தேய்க்க வேண்டாம், ஈரத்துணியை மட்டும் உடனுக்குடன் மாற்ற வேண்டும். அவர் போன பிறகு அந்தப் பெண் என்னிடம் வந்தாள்.

"டாக்டர், ஒரே ஒரு விஷயம். எங்க அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம்."

"ஏம்மா? நல்லதுக்குத்தானே செஞ்சிருக்கு?"

"ஆம்பளப் புள்ளைக்கு அந்த எடத்துல கொறைன்னு ஊரு பூரா பேசுவாங்க. நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? அவரு கடலுக்குப் போயிட்டு வந்து தானே சொல்லிக்கிறேன்னாரு. அதுவரிக்கும் வாயத் தொறக்காதன்னாரு."

'அத்தை' என்றது மாமியார் அஞ்சலையை. மீன் விற்பவர், குரல் பெரிது, சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பேரனுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது என்பதுதான். 'அவரு' என்றது கணவன் பிரகாஷை. விசைப்படகில் போயிருந்தான், போனால் திரும்ப ஒரு வாரம்போல ஆகும். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பையனுக்கு இப்போதே பெண் தேடும் கவலையா என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நோயாளியின் ரகசியம் நோயாளிக்குச் சொந்தம், சரி என்றேன்.

சில நாள் கழித்து ஒரு காலை. வார்டில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இளம் டாக்டர் போனை எடுத்தாள். உங்களைப் போலவே கெட்டிக்காரப் பெண்.

"சொல்லுங்கம்மா... மஞ்சளா இருக்கா? சரி சரி, பயப்படாதீங்க. காலைல இளவெயில்ல கொஞ்ச நேரம் வைங்க. தாய்ப்பால் நல்லாக் குடுங்க. சரியாப் போயிடும்."

வைத்துவிட்டாள். யார் என்று கேட்டேன்.

"பிள்ளைச்சாவடி கேஸ் மேடம், சுகன்யா பேபி. மஞ்சளா இருக்காம்."

"எங்க?"

"எங்கன்னா?"

"மஞ்சள் எங்க இருக்குன்னு சொன்னாங்க?"

"மஞ்சள்னா மஞ்சள்தான மேடம். உடம்புலதான் இருக்கும்."

வெயிலில் வைத்தால் காமாலை போகும் என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதே தப்பு, அந்தச் சண்டையை இன்னொரு நாள் போடுகிறேன். அன்று எனக்குக் குறுகுறுத்தது வேறு. அந்தப் பையனுக்குக் காமாலை வரும் காலம் தாண்டிவிட்டது. அப்படியானால் காயத்தின் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த மஞ்சள் வரும், பயப்படாதே என்று சொல்லித்தானே அனுப்பினோம்? பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒன்றுக்காக ஒருத்தி ஏன் மெனக்கெட்டு போன் செய்கிறாள்? அதுவும் இடத்தைச் சொல்லாமல், மஞ்சளா இருக்கு என்று மொட்டையாக?

வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டாள் இளம் டாக்டர். வேண்டாம் என்றேன். ஒரு வீட்டில் ஒரு போன் எத்தனை கைகளில் புரளும் என்பது நமக்குத் தெரியாது. அந்த எண்ணுக்கு நானே திரும்ப அடித்தேன். எடுத்தது அஞ்சலை.

"யாரு?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து டாக்டர் பேசறேம்மா. சுகன்யா இருக்காங்களா?"

"புள்ளயத் தூக்கினு போயி வெயில்ல குந்தியிருக்கா. நீங்கதான் சொன்னீங்களாமே. இன்னா விஷயம், எங்கிட்ட சொல்லுங்க. நான் அவ மாமியாதான்."

அவரிடம் காயத்தைப் பற்றிக் கேட்க முடியாது. கேட்கக்கூடியதைக் கேட்டேன். "புள்ள எப்படிம்மா இருக்கான்?"

"அதுக்கின்னா, தங்கமாட்டம் இருக்குது. நேத்துலேர்ந்து அழுகையே இல்ல. வெச்ச எடத்துல கெடக்குது. சாதுவான புள்ள டாக்டரம்மா. அவங்கப்பன் இந்த வயசுல ஊரையே கூட்டுவான்."

"பால் குடிக்கிறானா?"

"வாய வெக்குது, தூங்கிடுது. தூங்குற புள்ளதான வளரும்?"

பெரிய மனிதர் ஒருவர் சாது என்றால் கும்பிடலாம். பச்சைக் குழந்தை திடீரென்று சாதுவாகிவிட்டது என்றால் ஓட வேண்டும். நேற்று வரை அழுத குழந்தை இன்று அழவில்லை, பாலுக்கு வாய் வைத்துத் தூங்கிப்போகிறது என்பதற்கு மேல் எனக்கு எந்தப் பரிசோதனை முடிவும் வேண்டியதில்லை. கிருமி ரத்தத்தில் இறங்கியிருக்கலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். போனின் மறுமுனையில் கை கால் திடமான, குழந்தை வளர்த்த ஒரு பெண் இருக்கிறார். 'அம்மா, துணியை அவுத்துப் பாருங்க' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பார்த்துச் சொல்லிவிடுவார். சொன்னால் சுகன்யாவுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. அந்த வீட்டில் அவள் கதி என்னவாகும் என்றும் தெரியாது. சொல்லாவிட்டால் குழந்தைக்கு நேரம் போகிறது. நான் எனக்குள் ஒரு எல்லை வைத்துக்கொண்டேன். முதலில் சுகன்யாவைக் கூப்பிடச் சொல்வேன். அவள் போனுக்கு வராவிட்டால் அஞ்சலையிடம் போட்டு உடைத்துவிடுவேன். ரகசியம் காப்பது நம் கடமைதான், ஆனால் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு யாருக்காகக் காப்பது?

அவள் வந்தாள். மூச்சு வாங்கியது. பின்னால் பல பெண்களின் பேச்சுச் சத்தம். வீடு நிறைய சொந்தக்காரர்கள் என்று புரிந்தது. அதனால்தான் மொட்டையாக மஞ்சள் என்றிருக்கிறாள்.

"சுகன்யா, நான் பெரிய டாக்டர் பேசறேன். நீ ஒண்ணும் வெளக்க வேணாம். ஆமா, இல்ல, இந்த ரெண்டுதான். மஞ்சள் கண்ணுலயா?"

"இல்ல."

"காயத்துலயா?"

"ஆமா."

"சொன்னோமே, அந்தப் படலம் மாதிரியா?"

"இல்ல."

"வழியுதா?"

"ஆமா."

"நாத்தம் இருக்கா?"

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆமா."

"சுத்தி செவந்திருக்கா? அந்தச் செவப்பு அடிவயித்துக்கு ஏறியிருக்கா?"

"ஆமா டாக்டர்," என்றாள்.

"இப்பவே ஆட்டோ புடிச்சு வா. போன உங்க அத்தைகிட்ட குடு."

அஞ்சலை விடவில்லை. "இன்னிக்கா? நாளைக்குப் பேரு வெக்கிறோம், ஜனமெல்லாம் வந்து குந்தியிருக்குது!" என்றார். மஞ்சள் கொஞ்சம் ஜாஸ்தி மாதிரி தெரிகிறது, ரத்தம் பார்க்க வேண்டும், இப்போதே வந்தால்தான் நல்லது என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. எந்த மஞ்சள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்களைக் குழப்பிய அதே சொல் அன்று குழந்தையை ஆட்டோவில் ஏற்றியது.

வந்தார்கள், மாமியாரும் மருமகளும். குழந்தையைக் கட்டிலில் கிடத்தியபோது முதலில் வந்தது பவுடர் வாசனை. குப்பம் முழுவதும் பூசும் அளவுக்குப் போட்டிருந்தார்கள். அதற்கு அடியில் இன்னொரு வாசனை. கை கால் சில்லிட்டிருந்தது. உள்ளங்காலில் சுண்டினால் முகத்தைச் சுளித்து முனகியது, அவ்வளவுதான். இளம் டாக்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, நான் சொல்வதற்குள் மருந்து ஏற்ற ஊசிப் பாதை போட ஓடினாள்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா," என்றேன் அஞ்சலையிடம்.

"ஏன், நான் இருந்தா இன்னா? எம் பேரன் அவன்."

சுகன்யாவின் கை குழந்தையின் இடுப்புத் துணியைப் பிடித்திருந்தது, விடவில்லை. தட்டிவிட்டு நானே அவிழ்த்திருக்கலாம், ஒரு நொடி வேலை. ஆனால் என்ன செய்யப் போகிறேன் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும் என்று பட்டது. அவள் முகத்தைப் பார்த்து, "இதுக்கு மேல காத்திருக்க முடியாதும்மா," என்றேன். அவள் மாமியாரைப் பார்த்தாள்.

"அத்த, நீங்களும் பாருங்க," என்று தானே துணியைப் பிரித்தாள்.

காயம் வீங்கிப் பிளந்திருந்தது. தையலோரம் சீழ், பவுடரோடு சேர்ந்து கட்டி கட்டியாக. சிவப்பு இரண்டு தொடையிடுக்கிலும் பரவி, தொப்புளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அஞ்சலை குனிந்து பார்த்தார். சிறுநீர், கிட்னி, அறுவை என்று நான் அவசரமாக விளக்கத் தொடங்கினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மருமகளிடம்தான் கேட்டார்.

"இத நீ ஒண்டியாவா பாத்துக்கினு இருந்த?"

சுகன்யா அப்படியே அவர் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் அழுகைக்கு அப்போது நேரமில்லை.

மருந்து ஏறத் தொடங்கியது. அறுவை மருத்துவர் வந்தார், இரண்டு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றினார். அடுத்த கேள்வி, இப்போதே தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் செத்த சதையை வெட்டி எடுப்பதா, மருந்து வேலை செய்யக் காத்திருப்பதா. வெட்டினால் இவ்வளவு நலிந்த குழந்தை மயக்கத்தைத் தாங்குமா என்ற பயம். வெட்டாமல் விட்டு, தோலுக்கு அடியில் கிருமி ஓடிவிட்டால் பிறகு வெட்டியும் பயனில்லை. ஏற்கெனவே அடிபட்ட கிட்னி வேறு. தோல் கருக்கவில்லை, கொப்புளம் இல்லை, அழுத்தினால் அடியில் நறநறக்கவில்லை, அதாவது கிருமி இன்னும் ஆழத்தில் இறங்கவில்லை. காத்திருக்கலாம், ஆனால் சும்மா காத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, சிவப்பு முடியும் இடத்தில் குழந்தையின் வயிற்றில் ஒரு கோடு போட்டார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் தியேட்டர். யார் பார்த்தாலும் முடிவு அதுதான், மறுபடி விவாதம் கிடையாது.

நெருக்கடியில் முடிவை இப்படி முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். பயமும் ஆசையும் சேர்ந்து நம் கண்ணையே ஏமாற்றும். கோடு ஏமாற்றாது.

கோட்டின் அர்த்தத்தை அஞ்சலைக்கும் சொன்னேன். அதன் பிறகு அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. மதியம் ஒரு பக்கம் சிவப்பு கோட்டைத் தொட்டுவிட்டது. தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிட்டோம். அறுவை மருத்துவர் கையுறை மாட்டியபடி ஜன்னலோரம் நின்றார். நான் என் மேஜைக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். தாண்டவில்லை. அந்தச் சாயங்காலம் குழந்தை சிறுநீர் கழித்துத் துணி நனைந்தது, கிட்னி வேலை செய்கிறது என்று அர்த்தம். வார்டே அந்த ஈரத்துணியைக் கொண்டாடியது. மறுநாள் காலை நான் உள்ளே நுழையும்போதே அஞ்சலை, "எறங்கிடுச்சு டாக்டரம்மா, கோட்ட உட்டு எறங்கிடுச்சு!" என்று வராந்தா வரை கேட்கும்படி கத்தினார். குழந்தையும் கத்தியது. அவ்வளவு அருமையான கத்தலை நான் கேட்டதில்லை.

குழந்தை பிழைத்த பிறகு எனக்கு என் பழைய வியாதி வந்துவிட்டது, ஏன் என்று கேட்கிற வியாதி. தியேட்டர் சுத்தம், கை சுத்தம், தையல் ஒழுங்கு. அதே வாரம் அதே கையால் அறுவை செய்த வேறு குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை. பின்னே கிருமி எந்த வழியாக வந்தது? சுகன்யாவின் பக்கத்தில் உட்கார்ந்து, குற்றம் சாட்டாமல், ஒரு நாள் பொழுது வீட்டில் எப்படிப் போகும் என்று கேட்டேன். இளம் டாக்டரும் கூட உட்கார்ந்தாள்.

"துணி மாத்தவே முடியல டாக்டர். ஒரே ரூமு. பேரு வெக்கிறதுக்கு வேற ஆளுங்க வந்துட்டாங்க. எல்லாரும் புள்ளயக் குடு குடுன்னு மடில வாங்குறாங்க. மூத்திரம் போனாலும் அப்டியேதான் கெடப்பான். எல்லாரும் அந்தாண்ட போனாத்தான் அவுப்பேன். வீக்கம் தெரியக் கூடாதுன்னு துணிய ரெண்டு மூணாச் சுத்தினேன். அப்பறம் நாத்தம் வந்துச்சு. அதுவும் தெரியக் கூடாதுன்னு பவுடரக் கொட்டினேன்."

அதாவது, ஈரம், சூடு, அழுக்கு, காற்றில்லாத கட்டு, மேலே பவுடர். கிருமிக்கு இதைவிட நல்ல வீடு யார் கட்டிக் கொடுப்பார்? ஆனால் இது சோம்பேறித்தனம் அல்ல, அறியாமையும் அல்ல. அந்தப் பெண் தன்னால் முடிந்த அளவுக்குக் கவனமாகத்தான் இருந்தாள், ரகசியத்தைக் காப்பதில். சுன்னத் விசேஷமாக இருக்கும் வீட்டில் காயத்தைப் பத்துக் கண் பார்க்கிறது. இங்கே இரண்டே கண், அதுவும் ஒளிந்து ஒளிந்து. கத்தி ஒன்றுதான், நூல் ஒன்றுதான், மருந்து ஒன்றுதான். வித்தியாசம் பார்க்கிற கண்ணில் இருந்தது. இத்தனை வருடம் கைராசி என்று நாங்கள் மார்தட்டிக்கொண்டதில் பாதி அந்த மாமிகளுக்கும் அத்தைகளுக்கும் சேர வேண்டியது.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். காயத்தைப் பராமரிக்கும் முறையைச் சொல்லி அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் இது யாருக்கெல்லாம் தெரியும், துணியை எந்த இடத்தில் வைத்து மாற்றுவீர்கள், உனக்கு அசதியானால் வேறு யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். யாருக்கும் தெரியாது என்று பதில் வந்தால், அதையும் ஒரு ஆபத்துக் குறியாக எடுத்துக்கொள்ளுங்கள். ரகசியத்தை உடைக்கச் சொல்லவில்லை. நம்பகமான இன்னொரு ஆளை அவர்களே தேர்ந்தெடுக்க உதவி செய்யுங்கள்.

பெயர் வைக்கக் கூடியிருந்த சொந்தக்காரர்கள் ஒரு பட்டாளமாக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள். வராந்தாவில் கிசுகிசுப்பு ஆரம்பித்தது. சுகன்யா பயந்ததுபோல்தான் நடக்கப் போகிறது என்று நானும் நினைத்தேன். அஞ்சலை வெளியே போய் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"புள்ளைக்குக் கிட்னில பிரச்சன. அதுக்கோசரம் ஆப்ரேஷன் பண்ணியிருக்குது. எவளுக்காச்சும் எம் பேரனுக்குப் பொண்ணு குடுக்க யோசனையா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பாவம், இன்னும் இருவது வருசம் காத்துனு இருக்காதீங்க."

ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அத்தோடு முடிந்தது அந்த ஊர்ப் பேச்சு.

இரண்டொரு நாளில் பிரகாஷ் கரைக்கு வந்தான். யாரோ துறைமுகத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், படகிலிருந்து நேராக வார்டுக்கு ஓடி வந்தான். சட்டையில் டீசல் வாசனை. நான் அப்போது பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை விழித்துக் கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. கீழே பாயில் சுகன்யா சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அஞ்சலை கையில் புதுத்துணியோடு நின்றார். பிரகாஷ் வரும் வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்திருப்பான்போல, வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான்.

"எம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோச்சிக்காத. நாந்தான் அவள..."

"கைய கழுவினு வா."

"இல்லம்மா, மொதல்ல நான் சொல்றத..."

"சோப்பு போட்டுக் கழுவினு வாடா."

போனான். ஈரக் கையோடு திரும்பி வந்து, எங்கே விட்டோம் என்று தெரியாமல் நின்றான். அஞ்சலை புதுத்துணியை அவன் கையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

"மெதுவா அவு. சத்தம் போடாத. அவ இன்னிக்குத்தான் தூங்குறா."

பிரகாஷ் குனிந்து, தன் மகனின் காயத்தை முதல் தடவையாகப் பார்த்தான்.